தானாக ஓடும் மின் நிலையம் எங்கே இருக்கிறது?

அனல் மின் நிலையத்தில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று ஒரு மெக்கானிக்கல் பட்டதாரி சொன்னால், வீட்டிலும் கல்லூரியிலும் அவருக்குக் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: “அங்கே கத்துக்க என்னப்பா இருக்கு? எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பார்த்துக்குது. நிலக்கரியும் இன்னும் எத்தனை நாளைக்கு?”

திண்ணைப் பேச்சு என்று இதை விட்டுவிடலாம். ஆனால் இதே பேச்சு, கொஞ்சம் சலவை செய்த சொற்களில், நிர்வாகக் கூட்டங்களிலும் நடக்கிறது. இயக்கம் தானியங்கிமயமாகிவிட்டது, ஆளைக் குறைக்கலாம். பராமரிப்பை ஒப்பந்தக்காரரிடம் விடலாம், பயிற்சி பெற்ற ஆட்களை அவரே கூட்டி வருவார். பொறியியல் பட்டம் வாங்கியவருக்கு ஓராண்டுப் பயிற்சி எதற்கு, இரண்டு வாரம் பிளான்ட்டைச் சுற்றிக் காட்டினால் போதாதா? மூடப்போகும் தொழிலில் பணத்தைக் கொட்டுவானேன்? இப்படி எழுகிற ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியாகக் கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. சேர்த்து வைத்துப் பார்த்தால் ஆளைக் கொல்லும் யோசனை இது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, செத்தவர்களின் கணக்கு பின்னால் வருகிறது.

இப்படிப் பேசுபவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கன்ட்ரோல் ரூமில் சுவர் முழுக்க முள் அசையும் மீட்டர்களும் கைப்பிடி சுவிட்சுகளும் இருந்தன. இன்று அந்த இடத்தில் சில கணினித் திரைகள். பாய்லருக்குள் எரியெண்ணெய் பர்னர் ஏற்றுமுன் உலைக்குள் தங்கிய வாயுவைக் காற்றால் வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பர்னரை ஏற்ற இன்றைய பாதுகாப்பு அமைப்பு அனுமதிக்காது. டர்பைன் அளவு மீறி அதிர்ந்தால் மனிதர் கண்சிமிட்டுமுன் கணினி அதை நிறுத்திவிடும். இவையெல்லாம் வந்த பிறகு நிலையங்கள் முன்பைவிடப் பாதுகாப்பாக இருக்கின்றன. இதை மறுப்பவன் நான் இல்லை. இதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். 210 மெகாவாட் அலகின் பாய்லரில், உச்சியில் ஒரு நீளமான உருக்கு உருளை இருக்கும். டிரம் என்பார்கள். உலையின் சுவர்க் குழாய்களில் கொதித்து ஏறும் நீரும் நீராவியும் இங்கே வந்து பிரிகின்றன. நீராவி டர்பைனுக்குப் போகும், நீர் மறுபடி கீழே இறங்கும். இந்த டிரம்மில் நீர்மட்டம் ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் சுவர்க் குழாய்கள் வறண்டு எரிந்து போகும். கூடினால் நீராவியோடு தண்ணீரும் கலந்து, நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் டர்பைனின் தகடுகளில் போய் மோதும்.

இப்போது மின்கட்டமைப்பில் திடீரென்று தேவை கூடுகிறது. டர்பைன் வால்வு அகலத் திறக்கிறது, நீராவி வேகமாக வெளியேறுகிறது, டிரம்மில் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கியதும் நீருக்குள் இருக்கும் குமிழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உப்புகின்றன. திரையில் நீர்மட்டம் ஏறுகிறது. பாய்லருக்குள் இருக்கும் நீரின் அளவோ குறைந்துகொண்டிருக்கிறது. மீட்டர் பழுதாகவில்லை, அது மட்டத்தைச் சரியாகத்தான் காட்டுகிறது. அதைப் பார்த்து “தண்ணி கூடிப்போச்சு” என்று பாய்லருக்குள் அனுப்பும் நீரை, அதாவது ஃபீட் வாட்டரைக் குறைப்பவர், சில நொடிகளில் குமிழிகள் அடங்கியதும் மட்டம் பாதாளத்துக்குப் போவதைப் பார்ப்பார். அலகு டிரிப் ஆகும், அதாவது தானாக நின்றுவிடும். இதைத்தான் ஸ்வெல், ஷ்ரிங்க் என்று முதல் மாதப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். வெப்ப இயக்கவியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவருக்கும் இது சிமுலேட்டரில் இரண்டு மூன்று முறை அலகை டிரிப் ஆக்கிய பிறகே உறைக்கிறது.

கணினி இதைப் பார்த்துக்கொள்ளாதா என்றால், பார்த்துக்கொள்ளும். நீர்மட்டம், வெளியேறும் நீராவி, உள்ளே வரும் நீர் என மூன்றையும் ஒப்பிட்டு அது முடிவெடுக்கிறது. மூன்று அளவுகளும் சரியாக இருக்கும்வரை மனிதரைவிட நன்றாகவே செய்கிறது. ஆனால் நீராவியின் அளவைச் சொல்லும் டிரான்ஸ்மிட்டரின் சிறு குழாய் அடைத்துக்கொண்டால், அதே கணினி அதே நம்பிக்கையோடு தவறான முடிவை எடுக்கும். அந்த நொடியில் கணினியிடமிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி ‘மேனுவல்’ ஆக்க வேண்டியவர் யார்? ஸ்டார்ட்-அப்பின்போது, குறைந்த லோடில், இந்த மூவகை ஒப்பீடு நம்பத்தக்கதாக இருப்பதில்லை. அப்போதும் கை வைப்பது மனிதர்தான். ஆக, கணினி எளிதான நேரங்களை எடுத்துக்கொண்டு கடினமான நேரங்களை மட்டும் ஆபரேட்டரிடம் விட்டுவைத்திருக்கிறது. இந்த முரணை லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983இலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார்: தானியங்கி அமைப்பு எவ்வளவு முன்னேறுகிறதோ அவ்வளவு திறமையான மனிதர் அதற்குத் தேவைப்படுவார், அந்தத் திறமையை வளர்த்துக்கொள்ள அவருக்குக் கிடைக்கும் வாய்ப்போ அவ்வளவு குறையும். நாள்தோறும் கையால் இயக்கியவருக்கு வேலையே பயிற்சியாக இருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். தானியங்கியைக் காட்டிப் பயிற்சியைக் குறைப்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

நீர்மட்டம் இப்படி ஏமாற்றிய கதை ஒன்று உலகத்துக்கே தெரியும், ஆனால் அதன் பயிற்சிப் பக்கத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. 1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது அலகு. அதிகாலை 4 மணிக்கு ஃபீட் வாட்டர் நின்று, அழுத்தம் கூடி, ஒரு நிவாரண வால்வு திறந்தது. மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் மாட்டிக்கொண்டது. கன்ட்ரோல் ரூமில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு உண்டு. விளக்கு அணைந்தது. வால்வுக்கு ‘மூடு’ என்ற கட்டளை போயிற்று என்பதுதான் அந்த விளக்குக்குத் தெரிந்த செய்தி. வால்வு உண்மையில் மூடியதா என்று அதற்குத் தெரியாது. குளிர்நீர் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்க, உலைக்குள் நீராவிக் குமிழிகள் உருவாகி நீரைத் தள்ள, உலையின் அழுத்தத்தைக் காக்கும் பிரஷரைசர் தொட்டியில் நீர்மட்டம் ஏறியது. பிரஷரைசர் நீரால் நிரம்பிவிடக் கூடாது என்பது ஆபரேட்டர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த விதி. விதிப்படி, அவசரகாலக் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலை வறண்டு, எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து, புதிதாக ஷிஃப்டுக்கு வந்தவர் அந்தப் பாதையின் தடுப்பு வால்வை மூடிய பிறகே கசிவு நின்றது.

அந்த ஆபரேட்டர்கள் சோம்பேறிகள் அல்லர், படிக்காதவர்களும் அல்லர். விதியைச் சொல்லித்தந்த பயிற்சி, காரணத்தைச் சொல்லித்தரவில்லை. இதில் இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 1977 செப்டம்பரில், ஓஹையோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் இதே வகை வால்வு இதே போல மாட்டிக்கொண்டது. அங்கே உலை மிகக் குறைந்த லோடில் இருந்தது, சுமார் இருபது நிமிடத்தில் ஆபரேட்டர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். உலையைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் இதைப் பார்த்துப் பதறி எச்சரிக்கைக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு அலுவலகத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது, பயிற்சி வகுப்பை எட்டவில்லை. விபத்துக்குப் பின் அமைந்த கெமெனி ஆணையம் பயிற்சிக் குறைபாட்டை முதன்மையான காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அதன் பிறகே அமெரிக்க அணுமின் துறை, தன் நிலையத்தைப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டரை ஒவ்வொரு நிலையமும் வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தது.

இது அணு உலைக் கதை, அனல் நிலையத்துக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லலாம். டிரம்மில் குமிழி உப்புவதும் பிரஷரைசரில் மட்டம் ஏறுவதும் ஒரே இயற்பியல். வேறுபாடு விளைவின் அளவில்தான்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது, இது மறுபக்கச் சான்று: பயிற்சி காப்பாற்றிய கதை. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையம். முதல் அலகின் டர்பைனில் இரண்டு தகடுகள் முறிந்தன. அதிர்வில் ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது, தீ கேபிள்களில் ஏறியது. மாற்று மின்வழிகளும் சேர்ந்து போயின. ஏறக்குறைய 17 மணி நேரம் அலகில் மின்சாரமே இல்லை. கன்ட்ரோல் ரூமுக்குள் புகை நிறைந்து ஆட்கள் வெளியேற வேண்டிவந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிற அந்தக் கணினிகள், அவற்றின் கம்பிகளோடு சேர்ந்து குருடாகிவிட்ட இரவு அது. தொடக்கத்திலேயே, நிமிடம் முடியுமுன், ஆபரேட்டர் கையால் உலையை நிறுத்திவிட்டார். பிறகு வால்வுகளைத் திறந்து நீராவியை வெளியேற்றி உலையைக் குளிர்வித்தார்கள். தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்புகளைக் கொண்டு நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். சிலர் டார்ச் விளக்கோடு உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, போரான் கரைசல் இறங்கும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். கதிரியக்கம் வெளியேறவில்லை.

தீயணைப்புப் பம்பைக் குளிர்விக்கப் பயன்படுத்தலாம் என்று அந்த இருட்டில் யாருக்குத் தோன்றும்? எந்தக் குழாய் எதோடு சேர்கிறது, எந்த வால்வு எந்த மாடியில் இருக்கிறது என்று கால் தேயச் சுற்றிப் படித்தவருக்குத் தோன்றும். புதிதாகச் சேரும் பயிற்சிப் பொறியாளர்களைக் குழாய் வழிகளைப் பின்தொடர்ந்து போய்ப் படம் வரைந்து வரச் சொல்வது இந்தத் துறையில் பழைய வழக்கம். ‘லைன் டிரேஸ் பண்ணு’ என்பார்கள். கணினியில் வரைபடம் இருக்கும்போது இந்த வெட்டி வேலை எதற்கு என்று கேலி செய்பவர்களுக்கு நரோராவைத் தவிர வேறு பதில் தேவையில்லை. கேபிள் எரிவதும் பழங்கதை இல்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் கேபிள்கள் எரிந்து அலகுகள் நின்றன.

இதுவரை கன்ட்ரோல் ரூமைப் பற்றிப் பேசினோம். ஆனால் மின் நிலையங்களில் உயிர் போவது பெரும்பாலும் கன்ட்ரோல் ரூமில் இல்லை.

2017 நவம்பர் 1, ராய்பரேலி மாவட்டம் உஞ்சாஹார். என்டிபிசியின் 500 மெகாவாட் ஆறாவது அலகு, ஓடத் தொடங்கி அதிக காலம் ஆகாத புத்தம்புது அலகு. பாய்லரின் அடியில் சாம்பல் கட்டிகட்டியாக இறுகிச் சேர்ந்திருந்தது. கிளிங்கர் என்று சொல்வார்கள். உலைக்கு அடியில் சாம்பலை வாங்கும் தொட்டியில் தண்ணீர் இருக்கும். கொதிக்கும் கிளிங்கர் பாளம் ஒன்று பெயர்ந்து அதில் விழுந்தால் நீர் ஒரே மூச்சில் ஆவியாகும், உலையின் அழுத்தம் திமிறும். அதனால்தான் ஓடும் பாய்லரில் கம்பி விட்டுக் கிளிங்கர் குத்துவது பயிற்சி பெற்றவரும் யோசித்துச் செய்யும் வேலை. அன்று அலகு ஓடிக்கொண்டிருக்கும்போதே சாம்பலை அகற்றும் வேலை நடந்தது. உலையின் அழுத்தம் எகிறி, சூடான வாயுவும் சாம்பலும் பீறிட்டு அங்கே நின்றவர்கள் மேல் அடித்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

2020இல் நெய்வேலி. இரண்டாம் அனல் மின் நிலையத்தில் மே 7ஆம் தேதி ஆறாவது அலகின் பாய்லர் பகுதியில் வெடிப்பு. இரண்டு மாதம் முடிவதற்குள் ஜூலை 1ஆம் தேதி, பக்கத்திலேயே ஐந்தாவது அலகில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்துப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். 2024 டிசம்பரில் மேட்டூரில் நிலக்கரி பங்கர் சரிந்து இறந்த இரண்டு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு, எல்லாவற்றையும் பயிற்சிக் குறைவின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. வடிவமைப்பு, வயதான உலோகம், உற்பத்தியை நிறுத்த மனமில்லாத நிர்வாகம் என்று பல உண்டு. ஆனால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். நிலையத்திலேயே அதிக ஆபத்தான இடங்களில் நிற்பவர்களுக்கு ஏன் மிகக் குறைந்த பயிற்சி? பராமரிப்பு ஒப்பந்தம் டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்குப் போகிறது. குறைந்த விலை சொன்னவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? ஸ்பேனரின் விலையைக் குறைக்க முடியாது, வெல்டிங் ராடின் விலையைக் குறைக்க முடியாது. ஆளையும் ஆளுக்குத் தரும் பயிற்சியையும்தான் குறைக்க முடியும். ‘பயிற்சி பெற்றவரை ஒப்பந்தக்காரர் கொண்டுவருவார்’ என்பது, அவர் எங்கிருந்து கொண்டுவருவார் என்று யாரும் கேட்காத வரைதான் நிற்கும் வாதம். நடைமுறையில் அவர் கொண்டுவருவது கேட்டில் அரைமணி நேரம் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட ஒருவரை.

ஒரு பம்பைப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். உள்வரும் வால்வையும் வெளியேறும் வால்வையும் மூடிப் பூட்ட வேண்டும். வடிகால் வால்வைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தம் வடிந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் வேலை தொடங்க அனுமதிச் சீட்டு, அதாவது பர்மிட். தாளில் இது நான்கு டிக். ஆனால் வால்வு மூடியிருந்தும் ‘பாஸ்’ ஆகிக்கொண்டிருக்கலாம், அதாவது உள்ளுக்குள் கசியலாம். வடிகால் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் வராது. அழுத்தம் வடிந்துவிட்டது போலத் தோன்றும். போல்ட்டை முழுக்கக் கழற்றாமல், தனக்கு எதிர்ப்பக்கத்தை முதலில் தளர்த்தி, கசிவு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிரிப்பவரைப் பாருங்கள், அவர் யாரிடமோ நன்றாகக் கற்றவர். அந்தப் பழக்கத்தை எந்த மென்பொருளும் ஏற்றித் தராது.

இந்தத் துறையில் பயிற்சியின் மதிப்பை ஒரே ஒரு தொழிலில் மட்டும் எல்லோரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிறார்கள். உயர் அழுத்தக் குழாய்களை ஒட்டும் ஹெச்.பி. வெல்டர். பாய்லர் ஒன்றில் நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் இருக்கும். எங்கோ ஒரு மூலையில் ஊசித்துளை விழுந்தாலும் அலகை நிறுத்தித்தான் சரிசெய்ய வேண்டும். உடம்பைத் திருப்ப முடியாத இடுக்கில், குழாயின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி அவர் பற்றவைப்பார். அவருக்குக் கொதிகலன் விதிகளின்படி தேர்வு உண்டு, சான்று உண்டு, சான்றுக்குக் கால வரம்பு உண்டு. அவர் வைத்த ஜாயின்டைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பார்கள். திருச்சி பெல் ஆலையில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. இதெல்லாம் வீண் செலவு என்று எந்த மேலாளரும் சொன்னதில்லை. காரணம் எளிது: வெல்டரின் அறியாமை படத்தில் தெரிந்துவிடும். ஆபரேட்டரின் அறியாமையும், கிளிங்கர் குத்துபவரின் அறியாமையும் எந்தப் படத்திலும் தெரியாது, வெடிக்கும்போதுதான் தெரியும்.

சரி, மூடப்போகும் தொழில்தானே என்ற கடைசி வாதத்துக்கு வருவோம். எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது, நெய்வேலியின் முதல் அனல் நிலையம் 2020இல் ஓய்வுபெற்றது. உண்மை. 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் சூப்பர்கிரிட்டிகல் அலகு தொடங்கப்பட்டதும் உண்மை. உடன்குடியில் இரண்டு 660 மெகாவாட் அலகுகள் எழும்பியிருப்பதும் உண்மை. நிலக்கரி போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, காற்றும் கடலும் மண்ணும் கெட்டது போதும். ஆனால் போகும் வழியில் அது எப்படி இயங்கப்போகிறது என்பதை இந்த வாதக்காரர்கள் பார்ப்பதில்லை.

முன்பெல்லாம் பெரிய அனல் அலகு என்றால் முழு லோடில் சீராக ஓடும். இன்று நண்பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, காற்றுக் காலத்தில் காற்றாலை சேர்ந்துகொள்கிறது. அப்போது அனல் அலகு இறங்கிக்கொடுக்க வேண்டும். மாலையில் வெயில் போனதும் கிடுகிடுவென்று ஏற வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2023இல் கொண்டுவந்த விதிகள், நிலக்கரி அலகுகள் 55 சதவீதம் வரை இறங்கி ஓடும் திறன் பெற வேண்டும் என்கின்றன. படிப்படியாக 40 சதவீதத்துக்கும் போக வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் நிமிடத்துக்கு 3 சதவீதம் என்ற வேகத்தில் லோடு ஏறி இறங்க வேண்டும். முழு லோடுக்கென்று வடிவமைத்த பாய்லரில் பாதி லோடில் சுவாலை நிலையாக நிற்பது கடினம். தடித்த உலோகம் தினமும் சுருங்கி விரிந்து களைத்துப் போகும், குழாய்க் கசிவு கூடும். முன்பு ஆண்டில் சில முறை வந்த கடினமான நேரம் இனி தினசரி வரும். சூப்பர்கிரிட்டிகல் அலகில் டிரம்மும் கிடையாது, 221 பார் அழுத்தத்துக்கு மேல் நீரும் நீராவியும் பிரிந்து நிற்பதில்லை. தவறைத் திருத்த டிரம் அலகு தரும் சிறிய அவகாசமும் அங்கே இல்லை. ஆக, இந்தத் தொழில் சுருங்கும் ஒவ்வோர் ஆண்டும் அதில் மிஞ்சியிருப்பவரின் வேலை கடினமாகிறது. இங்கே கற்ற வால்வும் டர்பைனும் பாதுகாப்பு ரிலேயும் கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் வளைகுடா நாடுகளின் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் அப்படியே செல்லுபடியாகும் என்பதைப் பெற்றோருக்காகத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

பணக்கணக்கு கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கூட்டல். 600 மெகாவாட் அலகு முழு லோடில் மணிக்கு 6 லட்சம் யூனிட் தருகிறது. ஒரு குழாய்க் கசிவுக்கு மூன்று நாள் நின்றால் 432 லட்சம் யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 21 கோடி ரூபாய்க்கு மேல். எரிபொருள் செலவைக் கழித்தாலும், மறுபடி ஏற்ற எண்ணெய் எரித்த செலவைச் சேர்த்தாலும், தவிர்த்திருக்கக்கூடிய ஒரே ஒரு டிரிப்பின் விலையில் எத்தனை பேருக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்திருக்கலாம் என்பதை அந்தந்த நிலையத்தின் கணக்கு அதிகாரியே போட்டுப் பார்க்கட்டும்.

எதிர்த்தரப்பின் ஒரு குற்றச்சாட்டு மட்டும் முழுக்க நியாயமானது. இன்று பயிற்சி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி பயிற்சியே இல்லை. ஓய்வுபெற்ற ஒருவர் பழைய ஸ்லைடுகளை ஓட்டுகிறார், வந்தவர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் வீட்டுக்குப் போகிறார், சான்றிதழ் தபாலில் வருகிறது. சில மாதத்தில் பவர் பிளான்ட் பொறியாளர் ஆக்குகிறோம், வேலையும் வாங்கித் தருகிறோம் என்று கட்டணம் வசூலிக்கும் கடைகளும் பெருகிவிட்டன. அங்கே பாய்லரைச் சுவரொட்டியில் மட்டும் பார்க்கலாம். இதைக் காட்டிப் பயிற்சியே வேண்டாம் என்பவர்கள், கெட்டுப்போன மருந்தைக் காட்டி வைத்தியமே வேண்டாம் என்கிறார்கள்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாததில்லை. 1962இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய நெய்வேலியில் 1965இலேயே அனல் மின் நிலையப் பணியாளர்களுக்கென்று ஒரு பயிற்சி நிலையம் வந்துவிட்டது. பின்னர் அது தேசிய மின்துறைப் பயிற்சி நிறுவனத்தின் அங்கமானது. வகுப்பு, சிமுலேட்டர், ஓடும் நிலையத்தில் ஷிஃப்ட் எனப் பிரித்து ஓராண்டுப் படிப்பே அங்கே நடக்கிறது. சட்டமும் சும்மா இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள், 2010இல் வந்தவையும் 2023இல் புதுப்பித்தவையும், மின் நிலையத்தை இயக்கும், பராமரிக்கும் பொறியாளரும் மேற்பார்வையாளரும் டெக்னீஷியனும் வகுத்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்கின்றன. ஓட்டை எங்கே என்றால், கிளிங்கர் குத்துபவரும் சாரம் கட்டுபவரும் நிலக்கரி பங்கரில் இறங்குபவரும் இந்த மூன்று பெயர்களில் எதற்குள்ளும் வராத ‘ஹெல்பர்’களாக இருப்பதில். அணுமின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் உட்கார ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், அதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை தேர்வெழுதிப் புதுப்பிக்கவும் வேண்டும். 800 மெகாவாட் அனல் அலகை ஓட்டுபவருக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை என்று கேட்டால் இதுவரை நல்ல பதில் வந்ததில்லை.

செய்ய வேண்டியது மூன்று காரியம். பாய்லர் பக்கம் கால் வைக்கும் ஒவ்வொருவரையும், சம்பளம் யார் கொடுத்தாலும், பயிற்சி விதிக்குள் கொண்டுவர வேண்டும். டெண்டரில் பயிற்சி நாட்களுக்கான தொகையைத் தனி வரியாக்கி, அதில் விலை குறைக்கப் போட்டியே கூடாது என்று எழுத வேண்டும். பெரிய அலகுகளின் டெஸ்க் ஆபரேட்டருக்குச் சிமுலேட்டர் தேர்வோடு கூடிய உரிமம் வேண்டும். மூன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்முகத் தேர்வில் அவர்கள் கேட்டு முடித்த பிறகு நீங்களும் கேளுங்கள்: சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் உட்கார வைப்பீர்கள், தனி ஷிஃப்ட் எத்தனை மாதம் கழித்துத் தருவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். சேர்ந்துவிட்டீர்கள் என்றால், உங்களுக்குப் புரியாத பர்மிட்டில் யார் அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழு முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.